சந்ததி இல்லை

2025 ஜூன் 1, ஞாயிறு. நாகர்கோவில்

மேல வீட்டு மாமா அனுப்பிய வம்ச வரிசை வந்து சேர்ந்தது. சாஸ்தா கோயில் கொடைக்கு ஒரு மலர் போடுகிறார்களாம். அதில் ஏழு தலைமுறை அச்சாகிறது. சார்ட் காகிதத்தில் ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டமாக வரைந்திருக்கிறார். எண்பது வயதுக் கை ஒரு கோட்டைக்கூடக் கோணலாக இழுக்கவில்லை.

நான் தேடியது ஒரே ஒரு கட்டத்தை. இருந்தது. என் பூட்டன் பெயர். மேல வீட்டில் பிறந்தவர். பிறந்தது கொல்லம் ஆண்டு 1028, இறந்தது 1092 ஆனி. அதற்குக் கீழே இரண்டு சொல்: சந்ததி இல்லை.

அந்தப் பூட்டனின் மகள்தான் எங்கள் ஆச்சி. ஆச்சியின் மகள் என் அம்மை. திண்ணையில் முறத்தை மடியில் வைத்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். வாசித்துக் காட்டினேன். உருவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“பிள்ளையில்லாதவருக்க பேத்தியாக்கும் நானு?”

அம்மைக்கு 87 வயது. அவள் சின்ன வயதிலிருந்து கேட்ட கதை வேறு. பூட்டன் இறந்தது 1092-ல் இல்லை, 1103-ல். பாகம் பிரிக்க வழிவிட்ட வெள்ளாளச் சட்டம் வந்து, பாகம் வைத்து, மகளுக்கு மூன்று கோட்டை விதைப்பாடு வயல் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். அப்போது வயது 75. இரண்டு வீடும் பிறந்த ஆண்டில் ஒத்துப்போகிறது. சாவில் 11 வருஷ வித்தியாசம்.

மலர் ஆடிக்குள் அச்சுக்குப் போகும் என்று மாமா எழுதியிருக்கிறார்.

2025 ஜூன் 2, திங்கள்

“சந்ததி இல்லை” என்பதை மாமா வேண்டுமென்று எழுதவில்லை. அது எனக்கு நேற்றே தெரிந்தது. ஆனாலும் ராத்திரி தூக்கம் வரவில்லை.

என் மகள் பெங்களூரிலிருந்து கேட்டாள், “உண்மையான மகள் இருக்கும்போது எப்படிம்மா அப்படி எழுதுவாங்க?” அவளுக்குப் போனில் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

நாஞ்சில் நாட்டு வெள்ளாளரில் மக்கள்வழிக்காரர்களும் உண்டு, மருமக்கள்வழிக்காரர்களும் உண்டு. நாங்கள் இரண்டாவது. மருமக்கள்வழியில் ஒரு ஆணின் சொத்து அவன் பிள்ளைகளுக்குப் போகாது, அவன் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். குடும்பத்தை ஆள்பவன் காரணவன். அவனுக்குப் பின் வரும் மருமகன் அனந்திரவன். இங்கே மருமகன் என்றால் மகளைக் கட்டியவன் இல்லை, சகோதரி மகன். பிள்ளைகள் தாயின் குடும்பத்தில் எண்ணப்படுவார்கள். அப்படியானால் மேல வீட்டு வரிசையில் எந்த ஆணுக்குக் கீழேயும் பிள்ளை வர இடமே இல்லை. பழைய ஓலையில் அந்த இடம் சும்மா கிடந்திருக்கும். அதைப் புதுக்காலத்து வம்ச மரமாகத் திருப்பி எழுதிய யாரோ ஒருவர் சும்மா கிடந்த இடத்தைப் பார்த்துச் “சந்ததி இல்லை” என்று நிரப்பிவிட்டார்.

கேரளத்து வழக்கத்திலிருந்து இங்கே ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. எங்கள் பெண்கள் கல்யாணம் ஆனதும் புருஷன் வீட்டில் போய் இருந்தார்கள். அங்கேயே பெற்றார்கள், அங்கேயே உழைத்தார்கள். புருஷன் செத்த அன்றைக்கு அது அவர்கள் வீடு இல்லை என்றாகிவிடும். காரணவனின் மனைவி மக்களுக்கென்று உகந்துடைமை என ஒரு பங்கு வழக்கத்தில் இருந்தது. அதைக் கைக்கு வாங்குவதற்குள் வழக்கும் வம்புமாக ஆயுசு போய்விடும். தேரூர்க்காரர் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை இதைத்தான் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மிய’த்தில் எழுதினார். ஐந்து பெண்டாட்டி கட்டிய ஒரு காரணவரின் ஐந்தாவது மனைவி தன் வாயால் சொல்லுகிற கதை. 1917, 18-ல் ‘தமிழன்’ இதழில் அது வந்துகொண்டிருந்தது.

1092 ஆனி என்றால் 1917 ஜூன், ஜூலை. மேல வீட்டுக் கணக்கு சரியென்றால், அந்தப் பாட்டு அச்சேறிய காலத்தில்தான் என் பூட்டி ஒன்பது வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வீட்டுப் படியை இறங்கியிருக்க வேண்டும்.

2025 ஜூன் 4, புதன்

டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். நாப்தலின் வாசனையும் எலிப்புழுக்கை வாசனையும் சேர்ந்து வந்தது. உள்ளே ஒரு கட்டு கரம் தீர்த்த ரசீது, ஒரு ஜாதகம், சங்கு முத்திரை போட்ட திருவிதாங்கூர் பத்திரத்தில் ஒரு பிரமாணம், பிறகு பெரிய மாமா (அம்மையின் மூத்த அண்ணன்) 1970-களில் ஊற்றுப்பேனாவால் எடுத்த அதன் படி.

பிரமாணத்தின் தேதி 1096 தை, அதாவது 1921 ஜனவரி நடுவுக்கும் பிப்ரவரி நடுவுக்கும் இடையில். கொல்லம் ஆண்டு நம் பக்கம் ஆவணியில் பிறப்பதால், ஆவணியிலிருந்து டிசம்பர் வரை 824 கூட்ட வேண்டும், ஜனவரியிலிருந்து ஆடி வரை 825. இதை மறந்துவிட்டு எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைக் கூட்டுவதால் எத்தனையோ வீடுகளில் ஒரு வருஷம் முன்பின்னாகப் போயிருக்கிறது.

1096-ல் எழுதிக் கொடுத்தவர் 1092-ல் செத்திருக்க முடியாது. மேல வீட்டு வரிசை தப்பு என்று முடிவு கட்ட இது ஒன்றே போதும் என்று தோன்றியது. அம்மையும் “நான் சொன்னேம்லா” என்றாள்.

ஆனால் அசல் தாள் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. முதல் மடிப்பு உடைந்து, முதல் வரி பாதி இல்லை. பெரிய மாமா படியில் அந்த வரியில் ஒரு பெயரை எழுதி, பக்கத்திலேயே அதே பெயரை மறுபடி எழுதி, இரண்டாவதைக் கோடு போட்டு அடித்திருக்கிறார். கைத்தவறு என்று நினைத்திருப்பார். கீழே ஏழாவது வரியில் அரைவிரல் நீளத்துக்குப் பூச்சி தின்றிருக்கிறது. அந்த ஓட்டைக்குப் பிறகு மறுபடி பூட்டன் பெயர், “மகள்”, “உகந்துடைமையாக”. பூட்டன், பூட்டனின் மகளுக்கு எழுதிக் கொடுத்தார். நூறு வருஷமாக எங்கள் வீடு அப்படித்தான் வாசித்தது. தன் மகளுக்கு எழுதுகிறவர் ‘என் மகள்’ என்றுதானே எழுதுவார்? தன் பெயரையே போட்டு ‘இன்னார் மகள்’ என்று எழுதுவாரா?

2025 ஜூன் 8, ஞாயிறு. பூதப்பாண்டிப் பக்கம்

மேல வீட்டுக்குப் போனேன். தாடகை மலைக்கு மேல் மேகம் இறங்கிக் கிடந்தது, சாரல். மாமா பத்தாயத்தின் மேல் காகிதங்களைப் பரப்பி வைத்திருந்தார். அது நெல் கொட்டி வைத்த பத்தாயம்தான், இப்போது அவருக்கு மேசை.

கட்டத்தைக் காட்டினேன். அவர் சங்கடப்பட்டது தெரிந்தது.

“மக்ளே, பழைய வரிசையில அப்பிடித்தான் இருக்கு. நானா ஒண்ணும் சேக்கல்ல.”

கொஞ்ச நேரம் கழித்து அடுத்ததையும் சொன்னார். “உனக்கு மனசு வெஷமப்படும். ஆனா கேட்டதுனால சொல்லுகேன். அவரு இந்தக் குடும்பச் சொத்தப் பொண்டாட்டி வீட்டுக்குக் கொண்டு குடுத்தவராக்கும். எங்க ஆச்சி சாவது வரைக்கும் சொல்லுவா. கள்ளன்னே சொல்லுவா.”

எங்கள் வீட்டில் தெய்வமாகச் சொல்லப்படுகிற மனிதர் இங்கே கள்ளன். அவருக்குப் பிறகு யார் காரணவர் என்று கேட்டேன். அவருடைய மருமகன், தன் ஆச்சியின் மூத்த அண்ணன் என்றார். கட்டத்தில் அந்த மருமகனுக்கு இருப்பது வீட்டில் விளிக்கிற செல்லப்பெயர், சின்னப் பையன்களைக் கூப்பிடுகிற மாதிரி. பிறந்தது 1055, இறந்தது 1103.

1103.

“அவருக்க சரியான பேரு என்னா மாமா?”

“அது ஆருக்குத் தெரியும்? ஆச்சி அந்தப் பேருதான் சொல்லுவா.”

பஸ்ஸில் திரும்பும்போது மடியில் வைத்த கை அப்படியே இருந்தது. எங்கள் வீட்டுப் பூட்டன் செத்த ஆண்டும் இவர்கள் வீட்டு மருமகன் செத்த ஆண்டும் ஒன்று.

2025 ஜூன் 11, புதன்

கர ரசீதுகளை வருஷ வாரியாக அடுக்கினேன். 1097-லிருந்து 1110 வரை, எல்லாவற்றிலும் பூட்டன் பெயர். எங்கள் வீட்டுக் கணக்குப்படி பார்த்தாலும் அவர் 1103-ல் போய்விட்டார். அதற்குப் பிறகும் ஏழு வருஷம் அவர் பெயரில்தான் கரம் அடைந்திருக்கிறது. போக்குவரவு செய்து பேர் மாற்றாதவரை, தண்டப்பேர் யார் பெயரில் இருந்ததோ அவர் பெயரில்தான் ரசீது எழுதுவார்கள். திருவிதாங்கூரின் செட்டில்மென்ட் 1886-ல் தொடங்கி 1911 வரை நடந்தது. அப்போது பதிந்த பெயர்கள் எத்தனையோ நிலத்தில் பேரன் காலம் வரைக்கும் அப்படியே ஓடின. ரசீதை வைத்து ஒருவர் உயிரோடு இருந்தார் என்று சொல்ல முடியாது. அவருடைய வயல் இருந்தது என்று மட்டும் சொல்லலாம்.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் நகலுக்கு மனு கொடுத்துவிட்டு வந்தேன்.

2025 ஜூன் 15, ஞாயிறு. உதயகிரி

தம்பி மகன் விடுமுறைக்கு வந்திருக்கிறான். புலியூர்க்குறிச்சியில் இறங்கி உதயகிரிக் கோட்டைக்குள் போனோம். டிலனாய் கல்லறையைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. இந்த வாரம் அதற்கு ஒரு காரணமும் கிடைத்துவிட்டது.

கூரையில்லாத சின்னத் தேவாலயம். உள்ளே கல்லறைகள், அவருடையதும் அவர் மனைவி மகனுடையதும். மகன் களக்காட்டுச் சண்டையில் செத்தவன், இருபது வயதைத் தாண்டாதவன். குளச்சலில் டச்சுக்காரர் தோற்றபோது மார்த்தாண்ட வர்மாவிடம் வந்து சேர்ந்து, பிறகு அதே ராஜாவின் படைக்கே தலைவனாகி, இந்த மண்ணிலேயே அடங்கிய மனிதர். யுஸ்டேஷியஸ் பெனடிக்டஸ் டிலனாய். கல்லில் லத்தீனிலும் தமிழிலும் வெட்டியிருக்கிறது. 62 வருஷமும் 5 மாசமும் வாழ்ந்து 1777 ஜூன் 1 அன்று இறந்தார் என்கிறது லத்தீன்.

தம்பி மகன் போனில் தேடி, பிறந்தது 1715 டிசம்பர் 30 என்று வாசித்தான். அவனே கணக்கும் போட்டான். அப்படியானால் 61 வருஷமும் 5 மாசமும்தான். சரியாக ஒரு வருஷம் உதைக்கிறது. அந்தக் குளச்சல் போருக்கே 1741 ஜூலை 31 என்றும் ஆகஸ்டு 10 என்றும் இரண்டு தேதி புத்தகங்களில் நடமாடுகிறது.

“யார் சொன்னது கரெக்ட் அத்தை?”

கல்லில் வெட்டச் சொன்னவர்கள் கூட இருந்து சாவைப் பார்த்தவர்கள். செத்த நாளில் அவர்களுக்குத் தப்பு வராது. பிறந்த நாள் அவர்கள் பார்த்தது இல்லை, அவர் வாய்ச்சொல்லைக் கேட்டது. அதனால் கல்லை நாள் விஷயத்தில் நம்புவேன், வயது விஷயத்தில் யோசிப்பேன். இதை அவனிடம் சொல்லும்போதே எங்கள் வீட்டுக் கதைக்கும் வழி தெரிந்தது. அந்தச் சாவைக் கூட இருந்து பார்த்தது யார்? ஆச்சி 1103-ல் இருபது வயதுப் பெண். “காரணவர் செத்துப்போனாரு” என்று ஆள் வந்து சொன்னதை அவள் கேட்டிருப்பாள். அவள் பிள்ளைகள் காதில் அது “அப்பா செத்துப்போனாரு” என்று விழுந்திருக்கலாம். பெயரும் ஒன்றாக இருந்திருந்தால்.

2025 ஜூன் 18, புதன்

‘முதலியார் ஓலைகள்’ புத்தகத்தை மறுபடி எடுத்தேன். அழகியபாண்டிபுரம் பெரிய வீட்டு முதலியார்கள் வேணாட்டு அரசருக்காக நாஞ்சில் நாட்டில் வரி தண்டியவர்கள். அவர்கள் வீட்டில் கிடந்த ஓலைகளைக் கவிமணி தேடிப்போய்ப் படித்தார். பிற்பாடு அ. கா. பெருமாள் நூலாகக் கொண்டுவந்தார். பிரமாண பாஷை பழக வேண்டும் என்றுதான் எடுத்தேன். ஆண்டு, மாதம், தேதி, கொடுப்பவர் யாருடைய யார், வாங்குபவர் யாருடைய யார், நிலத்துக்கு நான்கெல்லை. அந்த வரிசையை மனதில் வாங்கிக்கொண்டால் கிழிந்த தாளிலும் எந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று பிடிபடுகிறது.

ஆனால் இன்று மனம் நின்றது வேறு ஓலைகளில், அடிமை விற்ற ஓலைகளில். விற்கப்பட்ட ஆணுக்குப் பெயர் இருக்கிறது, பெண்ணுக்குப் பெயர் இருக்கிறது. சொத்து என்பதால் அடையாளம் தெரிய வேண்டும், அதற்காக எழுதினார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்தது 1855-ல். என் பூட்டன் அப்போது சின்னக் குழந்தை. எங்களுக்கு வந்த மூன்று கோட்டை விதைப்பாட்டில் அவருக்கு முந்தின தலைமுறையில் உழுதவர்கள் யார், அவர்கள் பேரப்பிள்ளைகள் தங்கள் முன்னோரை எந்தக் காகிதத்தில் தேடுவார்கள் என்று யோசித்தபோது கையிலிருந்த ரசீதுக் கட்டைக் கீழே வைத்துவிட்டேன். நான் தேடுகிறவருக்குக் குறைந்தபட்சம் ஒரு பெட்டி இருக்கிறது.

பூட்டி பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. அவள் சொத்தும் இல்லை, வாரிசும் இல்லை.

2025 ஜூன் 26, வியாழன்

நகல் கிடைத்தது.

வீட்டுக்கு வரும்வரை பொறுக்கவில்லை. வடசேரி பஸ் ஸ்டாண்டில் ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து வாசித்தேன். பதிவுப் புத்தகத்தில் ஓட்டை இல்லை, மடிப்பு இல்லை. முதல் வரியில் பெயர் இரண்டு முறைதான் இருக்கிறது: இன்னார் அனந்திரவன் இன்னார். பெரிய மாமா கைத்தவறு என்று அடித்த இரண்டாவது பெயர்தான் எழுதிக் கொடுத்தவர் பெயர். மருமகனுக்கு மாமன் பெயரே இட்டிருக்கிறார்கள். பக்கத்தில் வயது 41. பூட்டனாக இருந்தால் 68 இருக்க வேண்டும்.

ஏழாவது வரியில் பூச்சி தின்ற இடத்தில் இருந்த சொற்கள்: “என் காரணவரும் அம்மாவனும் காலஞ்சென்றவருமான” (அம்மாவன் என்றால் தாய்மாமன்). அதற்குப் பிறகு பெயர். அதற்குப் பிறகு மகள்.

பூட்டன் 1092-ல்தான் செத்தார். மேல வீட்டு வரிசை சொன்னது சரி. உகந்துடைமை எழுதாமலேயே செத்தார். தெய்வம் என்று நாங்கள் கும்பிட்ட தகப்பன் ஒரு மரக்கால் விதைப்பாடு கூட எழுதி வைக்கவில்லை. நான்கு வருஷம் பூட்டியும் ஆச்சியும் தாய்வீட்டுத் தாழ்வாரத்தில் கிடந்திருக்கிறார்கள். பிறகு, நினைத்தால் எல்லாம் தனக்கு என்று வைத்துக்கொள்ளக்கூடிய அந்த மருமகன் வந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். வெள்ளாளச் சட்டம் கொல்லம் 1101-ல், 1926-ல் வந்தது. அதற்கு ஐந்து வருஷம் முன்பு.

ஆச்சி அவரை “அத்தான்” என்றுதான் சொல்லியிருப்பாள், தகப்பனின் சகோதரி மகன். ஒவ்வொரு அறுப்புக்கும் ஒரு அத்தான் வண்டியில் நெல் கொண்டுவந்து இறக்குவாராம், திண்ணையோடு திரும்பிப் போவாராம், உள்ளே வரமாட்டாராம். அம்மை இதை வேறு ஏதோ சொந்தம் என்று நினைத்துச் சொல்லியிருக்கிறாள், நானும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். மேல வீட்டு ஆச்சி காரணவர் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று அண்ணனுக்கும் செல்லப்பெயரையே வைத்துக் கூப்பிட்டதால், அந்த வீட்டில் அவருடைய சரியான பெயரே மறைந்துபோனது. எங்கள் வீட்டில் அந்த மனிதரே மறைந்துபோனார்.

கடைசிப் பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது. காரணவன் ஒருவனாகக் குடும்பச் சொத்தை எழுதிக் கொடுத்தால் செல்லாது, அனந்திரவர்கள் சம்மதிக்க வேண்டும். நான்கு பேர் சம்மதித்திருக்கிறார்கள். மூன்று ஒப்பு, ஒன்று பெருவிரல் ரேகை என்று குறிப்பு. ரேகை வைத்தவள் எழுதிக் கொடுத்தவரின் இளைய சகோதரி.

மேல வீட்டு மாமாவின் ஆச்சி.

2025 ஜூன் 27, வெள்ளி

அம்மையிடம் சொன்னேன். எதுவும் பேசவில்லை. சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு, “அந்த அத்தானுக்குப் பிள்ளை உண்டுமா?” என்று கேட்டாள். மாமாவிடம் கேட்க வேண்டும்.

2025 ஜூன் 29, ஞாயிறு

பரணிலிருந்து பாத்திரங்களை இறக்கினோம். அம்மைதான் இறக்கச் சொன்னாள். ஆடி அமாவாசைக்குப் பாயசம் வைக்க உருளி வேண்டுமாம், இந்த வருஷம் பூட்டன், அத்தான் இரண்டு பேருக்கும் சேர்த்து.

சின்ன வெண்கல உருளி, விளிம்பில் அம்மையின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். அவள் கல்யாணத்துக்கு ஆச்சி கொடுத்தது. அம்மை புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள், விடவில்லை. கரி இளகி வந்தபோது பெயருக்குப் பின்னால் பூவேலை மாதிரி நான்கு குறி தெரிந்தது. எப்போதும் அதைப் பூவேலை என்றுதான் நினைத்திருந்தோம். முதலியார் ஓலைகளில் கண் பழகியிருந்ததால் சட்டென்று படித்துவிட்டேன். ௲௬௰௮. ஆயிரம், ஆறு பத்து, எட்டு. கொல்லம் 1068. இங்கிலீஷ் ஆண்டு 1892 அல்லது 93.

அம்மை பிறந்தது 1938-ல்.

ஆச்சி தன் அம்மையின் பெயரைத்தான் மகளுக்கு இட்டிருக்கிறாள். உருளி பூட்டியின் கல்யாண உருளி. புருஷன் வீட்டிலிருந்து படியிறங்கும்போது தாய்வீட்டுச் சீதனம் என்று அவள் தூக்கிக்கொண்டு வரக்கூடியதாக இருந்தவற்றில் இதுவும் ஒன்று. அப்படியே மகளுக்கு வந்து, மகளிடமிருந்து பேத்திக்கு வந்திருக்கிறது, வேறு பெயர் வெட்ட அவசியமே இல்லாமல்.

எழுத்து ஒவ்வொன்றும் உளிமுனையில் வைத்த குழிகள். தட்டான் ‘ள்’ளைத் திருத்தி ஒரு முறை கூடுதலாகத் தட்டியிருக்கிறான். அம்மை ஈரக் கையோடு அந்தக் குழிகளைச் சுண்டுவிரலால் ஒவ்வொன்றாகத் தடவினாள்.

2025 ஜூலை 3, வியாழன்

நகலை எடுத்துக்கொண்டு மேல வீட்டுக்குப் போனேன். மாமா கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, ஒரு வரி விடாமல், விரலை வைத்து வாசித்தார். கடைசிப் பக்கத்தில் வந்து நின்றார்.

“எங்க ஆச்சிக்க ரேகையாக்கும் இது?”

“ஆமா மாமா.”

அவர் ரொம்ப நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். சம்மதித்து ரேகை வைத்தவள் ஏன் சாகும்வரை கள்ளன் என்று சொன்னாள்? அண்ணன் சொன்னதற்காக வைத்தாளா, பிறகு தன் பிள்ளைகளுக்குக் குறைந்துபோனபோது மனம் மாறினாளா? இரண்டு பேருக்கும் ஒரே பெயர் என்பதால் அண்ணன் மேல் இருந்த ஆத்திரத்தை மாமன் பெயரில் சொன்னாளா? நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மருமகனுக்குப் பிள்ளைகள் உண்டா என்ற அம்மையின் கேள்வியை மட்டும் கேட்டேன். கல்யாணமே ஆகவில்லை என்றார்.

பிறகு சார்ட் காகிதத்தைப் பத்தாயத்தின் மேல் விரித்தார். “சந்ததி இல்லை” என்பதன் மேல் வெள்ளை ஒட்டுத்தாளை அளவாக வெட்டி ஒட்டினார். ஸ்கேலை எடுத்துப் பக்கவாட்டில் ஒரு கோடு இழுத்து, இன்னொரு கட்டம் போட்டார். மருமகனுடைய கட்டத்தில் செல்லப்பெயருக்கு மேல் சரியான பெயரை எழுதினார், மாமன் பெயரையே.

“சரி மக்ளே, பூட்டனுக்க பெண்டாட்டி பேரு சொல்லு.”

சொன்னேன். பேனா காகிதத்துக்கு மேலே நின்றது.

“அது உங்க அம்மைக்க பேருல்லா?”

“ரெண்டு பேருக்கும் அதுதான் மாமா.”

அவர் தலையை ஆட்டிவிட்டு, கட்டத்துக்குள் அடங்கும்படி எழுத்தைச் சின்னதாக்கி எழுத ஆரம்பித்தார்.